மரத்துக்கும் ஒரு கையெழுத்து

என் அம்மா கலைமதி கார்ப்பரேட் வழக்கறிஞர். கம்பெனிகளை வாங்க, விற்க, இணைக்க ஒப்பந்தம் எழுதுவாள். சுங்கச்சாலை, துறைமுகம், மின்நிலையம் எல்லாம் அவள் எழுதிய தாள்களின் மேல் நிற்கின்றன. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்தாள், சேலத்தில் சட்டம் படித்தாள், சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அவள் வாதாடி நான் பார்த்ததில்லை. "நான் எழுதினது கோர்ட்டுக்குப் போனா, நான் சரியா எழுதலைன்னு அர்த்தம்" என்பாள். பேச்சுவார்த்தை இழுத்தால் எதிர்த்தரப்புக்கும் சேர்த்து டீ சொல்வாள். சென்ற ஐப்பசியில் இறந்துபோனாள்.

அவளுடைய பெரிய வெற்றி கடத்தூர்ப் பக்கம் நடந்தது. 2019. பாதி கட்டிய ஒரு சூரிய மின் பூங்காவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாங்க இருந்தது. அம்மா வாங்குபவரின் வழக்கறிஞர். ஏற்கெனவே இரண்டு முறை அவளுக்குப் பார்ட்னர் பதவி தள்ளிப்போயிருந்தது. இந்த விற்பனை முடிந்தால் பார்ட்னர். முடியாவிட்டால் இனிக் கேட்க முடியாது.

நிலமெல்லாம் விவசாயிகளிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தது. பத்திரங்களில் குறையில்லை. மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அம்மா, கையெழுத்துக்கு முன் இடத்தைப் போய்ப் பார்ப்பாள். நான் மின் பொறியாளர். வரைபடம் வாசிக்கத் தெரியும் என்று என்னையும் கூட்டிப்போனாள்.

இன்னும் பேனல் போடாத பகுதியில், வரப்பு நெடுகப் பெரிய புளியமரங்கள் நின்றன. வரைபடத்தில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி. வெட்ட வேண்டியவை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்ட நஞ்சப்பன் எங்களோடு நடந்து வந்தார்.

"இந்த மரம் யாருதுங்கண்ணா?" என்றாள் அம்மா.

"நம்ம நெலத்துலதானுங்களே நிக்குது."

"நெலம் உங்களுதுங்க. புளி உலுக்கறது ஆரு?"

அவர் சிரித்தார். "அது எங்கக்காளுதுங்க. ராமக்காள். பாப்பாரப்பட்டியில கட்டிக் குடுத்திருக்குது. கல்யாணத்தப்ப எங்கப்பன் அதுக்கு வுட்ட மரம்."

"குத்தகையில அவங்க கையெழுத்து இல்லைங்களே?"

"நெலத்துக்குத்தானுங்க கையெழுத்து கேட்டாங்க. மரத்துக்கு ஆரும் கேக்கலீங்களே."

அவர் எதையும் மறைக்கவில்லை. நிலம் தம்பியுடையது, மரம் அக்காளுடையது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஏன் சொல்ல வேண்டும்? விசாரித்ததில், அந்த வரப்பில் பாதி மரங்கள் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களுடையவை.

அன்று மாலையே ராமக்காள் வீட்டுக்குப் போனோம். அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி நெலத்த வுட்டுக்கட்டும், நான் ஏன் கேக்கறேன்? மரத்து மேல கை வெச்சாங்கன்னா அடியில போயி உக்காந்துக்குவேன். என்னையுஞ் சேத்து வெட்டச் சொல்லு. நீ எந்தூரு வக்கீலம்மா?"

"இங்க பக்கத்துலதாங்க்கா."

"அப்ப உங்கூட்டுல உனக்கு எத்தன மரம் குடுத்தாங்க?"

"படிப்பு குடுத்தாங்கக்கா."

"படிப்பா! அது என்ன வருசா வருசம் காய்க்குமா?"

"காய்ச்சுக்கிட்டுத்தாங்க்கா இருக்குது."

ராமக்காள் சிரித்துவிட்டார். எங்களுக்குச் சாப்பாடு கிடைத்தது.

சென்னை திரும்பியதும் அம்மா கையெழுத்தை நிறுத்தினாள். விற்பவர் தரப்பு வழக்கறிஞர் கேலி செய்தார். "புளியங்காய்க்காக டீலை நிறுத்துறீங்களா மேடம்? ரசம் வைக்கப் போறீங்களா?" மூத்த பார்ட்னர் தொலைபேசியில் கத்தினார். "கிளையண்ட் எழுந்து போனா உங்க பேரை நான் எங்கேயும் சொல்ல முடியாது, கலைமதி."

"போக மாட்டாங்க சார்" என்று வைத்துவிட்டாள். பிறகு என்னைக் கேட்டாள். "மரத்தை விட்டுட்டு பேனலை நகர்த்தினா எவ்வளவு கரண்ட் குறையும்?"

ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதைக் கோத்திருக்கும் வரிசை முழுவதும் மங்கும். கணக்குப் போட்டேன். வரிசைகளை மரங்களிலிருந்து தள்ளி மாற்றிப் போட்டால், மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூடக் குறையாது.

மறுநாள் வாங்குபவர்கள் முன்னால் அம்மா பேசினாள். நானும் கணக்கோடு உட்கார்ந்திருந்தேன். "வேலி போட்ட பிறகு மாசியில் இந்தப் பெண்கள் புளி உலுக்க வருவார்கள். மரம் இருக்காது. மறித்து உட்காருவார்கள். வேலை நிற்கும். நின்றால் கடன் கொடுத்த வங்கி உங்களைக் கேட்கும். இப்போது கேட்பது நான் மட்டும்தான்."

வாங்குபவரின் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுவரை நாங்கள் வாங்கிய இடங்களில் மரத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா?"

விற்பவரின் வழக்கறிஞர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா வரவழைத்த டீ.

ஒப்பந்தம் திருத்தப்பட்டது. மரங்கள் வெட்டப்படாது. மரப்பலன் அந்தப் பெண்களுக்கே. புளிக்காலத்தில் வேலியின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கடத்தூரில் ஒரு மண்டபத்தில் ராமக்காளும் மற்ற பெண்களும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். தம்பிகள் வெளியே நின்றார்கள். அன்றே விற்பனை முடிந்தது. அடுத்த மாதம் அம்மா பார்ட்னர். வாங்கியவர்கள் தங்கள் மற்ற பூங்காக்களையும் அவளிடமே ஒப்படைத்தார்கள். அவளுடைய ஜூனியர்கள் இன்றும் எந்த நிலத்துக்குப் போனாலும் முதலில் மரம் யாருடையது என்று கேட்கிறார்கள்.

இந்த மாசியில் நான் மட்டும் போனேன். வேலிக்குள் பெண்கள் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பேனல்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேலும் நிழலில்லை.

ராமக்காள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா வல்லியா கண்ணு?"

சொன்னேன். அவர் முந்தானையில் இருந்த புளியை அப்படியே கீழே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

கிளம்பும்போது கதவை இழுத்துச் சாத்தப் போனேன். காவலாளி ஓடி வந்தார்.

"மூடாதீங்க மேடம். இந்த சீசன்ல தொறந்துதான் இருக்கணும். அக்ரிமெண்ட்ல எழுதியிருக்குதுங்க."

"தெரியுங்க" என்றேன். "எழுதினது எங்கம்மா."