உவர்த் தேத்தண்ணி

யாழ்ப்பாணத்து ஆட்களின் வாயில் 'ஓம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, சம்மதம். மற்றது, 'நீ சொல்வது காதில் விழுகிறது, கெதியாய் முடி'. நாங்கள் அதிகம் பாவிப்பது இரண்டாவதைத்தான். எங்கள் கிணறு கெட்டதும் அதனால்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. பக்கத்து வளவை வாங்கியவர் பிளட்ஸ் என்ற அடுக்குமாடி வீடுகள் கட்டுகிறவர், எங்கட ஆள்தான், என்னிலும் இளையவர். முதல்முறை வந்தபோது ஒரு பெட்டி மைசூர்பாகு கொண்டுவந்தார். பதினாலு மாடி எழுப்பப் போவதாகவும், கார் விட நிலத்துக்குக் கீழே இரண்டு தட்டு வெட்ட வேண்டும் என்றும், வெட்டும்போது ஊறுகிற தண்ணீரை மோட்டர் போட்டு இறைப்பார்கள் என்றும் விளக்கினார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறைய மைசூர்பாகு இருக்கும்போது அதைவிட நீளமான சொல் வராது.

மாதக்கணக்காக இறைத்தார்கள். நிலத்தடியிலிருந்த நல்ல தண்ணீரெல்லாம் குழாய் வழியே தெருவோரக் கானுக்குள் விழுந்து கடலுக்குப் போனது. கடலுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று நான் கேள்விப்பட்டதில்லை. கடலும் சும்மா இருக்கவில்லை, காலியான இடத்துக்குத் தானே வந்து குடியேறியது. அதை முதலில் கண்டுபிடித்தவர் என் மனைவி. குழாய்த் தண்ணீர் மணக்கிறது என்று கிணற்றுத் தண்ணீரில் மட்டும் தேத்தண்ணி போடுகிறவர்.

"இஞ்சேருங்கோ, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டனோ?" என்றார் ஒரு காலை.

பிறகு, எலுமிச்சை என்று மற்றவர்கள் சொல்லும் தேசிமரத்தின் இலைகள் ஓரத்தால் கருகத் தொடங்கின. சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. நான் முறையிடப் போனேன். கட்டுகிறவர் மரியாதையாகக் கதிரை போட்டுத் தந்தார்.

"அண்ணை, அண்டைக்கே எல்லாம் விளக்கமாச் சொன்னனான். நீங்களும் ஓம் எண்டனீங்கள்."

பத்திரிகையில் பகிடி எழுதிப் பிழைக்கிறவன் நான். என் வாய்ச் சொல்லையே பகிடியாக ஒருவர் எனக்குத் திருப்பித் தந்தது அன்றைக்குத்தான். மனிதர் கஞ்சன் இல்லை. கொஞ்சக் காலம் பெரிய தண்ணீர்ப் போத்தல்களை வீட்டுக்கு அனுப்பினார். அது நின்ற பிறகு நாங்களே வாங்கினோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொருளாதாரம். கிணற்றில் அள்ளிக் குடித்த காலம் முழுவதும் நானும் மனைவியும் நாட்டின் வளர்ச்சிக்கு ஒரு சதத்துக்கும் உதவாத ஆட்களாக இருந்திருக்கிறோம். இப்போது போத்தல், அதைக் கொண்டுவரும் லொறி, லொறிக்கு டீசல், உவர்த் தண்ணீரில் குளித்துக் கடிக்கும் தோலுக்குக் களிம்பு எல்லாம் வளர்ச்சியில் சேர்ந்துவிட்டன. எங்கள் கிணறு செத்ததால் நாடு ஒரு இம்மி உயர்ந்திருக்கிறது. தேசிமரம் பட்டுப்போனதை எந்தப் புள்ளிவிபரத்திலும் காணவில்லை.

கட்டடம் எழும்ப எழும்ப எங்களுக்கு வந்த கடற்காற்று குறைந்தது. கடைசியில் முன்வேலியில் பெரிய படம் ஒன்றைக் கட்டினார்கள். அதில் கட்டடம் இருந்தது, தென்னைகள் இருந்தன, எங்கள் வீடு இல்லை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு நீச்சல் குளம். கரையில், எங்கள் அடுப்படி வருகிற இடத்தில், ஒரு வெள்ளைக்காரி படுத்திருந்தாள். மனைவி நெடுநேரம் படத்தைப் பார்த்தார்.

"உவளுக்கு என்ர குசினிக்குள்ள என்ன வேலை?"

வீட்டை விற்கச் சொல்லிக் கட்டுகிறவர் ஒருமுறை கேட்டது உண்மை. அப்போது நான் ஓம் போடவில்லை, பேசாமல் இருந்தேன். அதையும் சம்மதத்தில் சேர்த்துவிட்டார். இனி இவரோடு சொல்லால் வழக்காட முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து வந்த கணவனும் மனைவியும் பிளட்ஸ் பார்க்க வந்தார்கள். கட்டுகிறவர் வரத் தாமதம். கேற்றடியில் நின்ற நான் எந்த ஊர் என்று விசாரித்தேன். ஊர் தெரிந்தால் சொந்தம் பிடிக்க எங்களுக்கு நேரம் செல்லாது. அந்தப் பெண் என் மனைவிக்குத் தூரத்து மச்சாள் முறை என்று முடிவாயிற்று. சொந்தம் என்றான பிறகு தேத்தண்ணி குடிக்காமல் போக முடியாது. மனைவி என்னைப் பார்த்தார். நான் கிணற்றடியைப் பார்த்தேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

நல்ல கோப்பைகளில் வந்தது. அந்த மனிதர் ஒரு மிடறு எடுத்து, வாயில் வைத்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, பிறகு விழுங்கினார். நல்ல வளர்ப்பு. அவருடைய மனைவி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், தண்ணி...?"

"கிணத்துத் தண்ணிதான். முந்திக் கற்கண்டு மாதிரி இருந்தது. உங்கட காருக்கு இடம் வேணுமெண்டு எல்லாத்தையும் இறைச்சுக் கடலுக்கை விட்டாச்சு. இன்னும் கொஞ்சம் விடட்டே?"

உவர்த் தண்ணீர் சீமெந்துக்குள் இருக்கும் கம்பியை என்ன செய்யும் என்று நானும் கேளாமலே சொல்லிவைத்தேன். அவர்கள் பிளட்ஸைப் பார்க்காமலே திரும்பினார்கள். வாழ்க்கையில் இவ்வளவு ருசித்து நான் எதையும் செய்ததில்லை. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் கேற்றடியில் நின்றேன். கொழும்பில் எங்களுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் கட்டுகிறவர் வந்தார். சத்தம் போடுவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சுகம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"அண்ணை, எனக்கு அவசரமில்லை. பிள்ளையள் லண்டனிலதானே? உங்களுக்குப் பிறகு அவை வித்துப்போட்டுப் போவினம்."

குசினிக்குள் கோப்பை கழுவும் சத்தம் நின்றது. மனிதர் சொன்னது சரி. இங்கே காணி என்ன விலை போகிறது என்று பிள்ளைகள் இப்போதே போனில் கேட்கிறார்கள்.

எனக்குப் பிறசரும் சீனியும் உண்டு. நடக்கச் சொல்லி டாக்டர் மன்றாடியபோதெல்லாம் பகிடி விட்டுத் தப்பியவன். மறுநாளே சப்பாத்து வாங்கினேன். இப்போது தினமும் கடலோர மரைன் டிரைவ் வீதி நீளத்துக்கு நடக்கிறேன். மட்டன் ரோல்ஸை விட்டுவிட்டேன். மனைவி எண்ணெயைக் கரண்டியால் அளக்கிறார், குளிசை போட்டேனா என்று பொலிஸ்காரர் மாதிரி விசாரிக்கிறார். கட்டுகிறவர் இளையவர்தான். ஆனால் சிகரெட் பிடிக்கிறார், வயிறும் நாளுக்கு நாள் வளர்கிறது. காலையில் அவர் மேல்மாடியில் புகைத்தபடி நிற்பதைக் கண்டால், மரியாதையாகக் கையசைத்துவிட்டு நடையை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறேன்.