வெள்ளிக்கிழமை யோர்ஸ்

மகள் ஸ்தவாங்கர் நகரத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. எங்கள் மோர்டென்ஸ்ருட் அடுக்குமாடி வீட்டில் அவள் விட்டுப்போனவற்றில் பெரியது, கீழ்த்தளத்துப் பொருளறையில் கிடந்த மிதவை. குதிரை லாடம் மாதிரி வளைந்த ரப்பர். காற்றடித்தால் நடுவில் ஒருவர் உட்காரலாம். கால்கள் தண்ணீருக்குள் தொங்கும். பாதத்தில் தவளைக்கால் போன்ற சப்பாத்து, பின்னால் ஒரு சின்ன மின்மோட்டர். இதில் ஏறி ஏரி நடுவுக்குப் போய் மீன் பிடிப்பாள். என்ன பிள்ளையைப் பெற்றேன் என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

அவள் தேடியது யோர்ஸ் என்ற மீனை. கண் கண்ணாடிக்குண்டு போல் மினுங்கும், சதை வெள்ளை. மற்ற மீன்கள் தூண்டிலை இழுக்கும். இது ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும். மூன்று கோடை அதன் பின்னால் அலைந்தாள். அவளுடைய அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால் நானும் தேநீர்ப் போத்தலோடு கூடப் போய்க் கரையில் உட்காருவேன். அந்த மிதவை பின்பக்கமாகத்தான் ஓடும். தூரப் போகப் போகவும் அவள் முகம் என்னைப் பார்த்தபடியே இருக்கும். "கவனம், கவனம்" என்று கத்துவேன். கை காட்டுவாள். அந்தக் கைகாட்டலுக்காக இப்போது எவ்வளவு ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்ல?

மூன்றாவது கோடையில் ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மாலை வீட்டுக்கு வந்து சாமி விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் அவள். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு யோர்ஸ்.

"அம்மா, பிடிச்சிட்டன். இண்டைக்கே குழம்பு வையுங்கோ. தலை எனக்கு."

"இண்டைக்கு வெள்ளி. உள்ளுக்கை கொண்டு வராதை."

"மூண்டு வருசம் அம்மா."

"மூண்டு வருசம் பொறுத்தனீ, விடியுமட்டும் பொறுக்க ஏலாதோ?"

என் வாய் அப்படி. குளிர்சாதனப் பெட்டியிலும் இடம் கொடுக்கவில்லை. பால்கனியில் வைத்தாள். யூலை மாதத்து வெக்கை, ஐஸ் எல்லாம் கரைந்து, காலையில் மீன் மணக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சொல் பேசாமல் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். சண்டை பிடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அவள் ஏரிக்குப் போகவேயில்லை. அடுத்த வருடம் ஸ்தவாங்கர்.

அந்த வெள்ளிக்கிழமை விரதத்தின் கதையை நான் அவளுக்குச் சொன்னதேயில்லை. அவள் இரண்டு மாதம் முந்திப் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு உள்ளங்கை அளவில் கிடந்தாள். பிள்ளை தப்பினால் சீவனுள்ளவரை வெள்ளிக்கிழமை மீன், மச்சம் தொடமாட்டேன், வீட்டுக்குள்ளும் ஏற்றமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்தேன். நேர்த்தியை வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்று பயம். அதனால் அவளுக்கு நான் சாமிக்குப் பயந்த ஒரு பிடிவாதக்காரி, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களோ அம்மா?" "ஓம்." "வேற?" வேறு ஒன்றுமில்லை. போன ஓகஸ்டில் குடியிருப்பு நிர்வாகத்தார் பொருளறையைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். மிதவையை என்ன செய்ய என்று கேட்டேன்.

"வித்துப்போடுங்கோ," என்றாள்.

விற்கவில்லை. கோபத்தில்தான் முதல்முறை ஏரிக்குக் கொண்டுபோனேன். இப்போதெல்லாம் வெள்ளியில்தான் எனக்கு லீவு. பிடிப்பது விரதத்தில் சேராது, பிடித்ததை வெளியில் ஐஸில் வைத்துச் சனிக்கிழமை சமைக்கலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். மோட்டரும் பற்றரியும் சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில். லிஃப்டில் நின்ற தமிழ்நாட்டுப் பெண், "ஆன்ட்டி, இவ்ளோ லக்கேஜ், எங்க டூரா?" என்றாள். "மீன் பிடிக்க," என்றேன். நல்லகாலம், அவள் நம்பவில்லை.

தவளைச் சப்பாத்தோடு முன்பக்கமாக நடந்து கரையிலேயே விழுந்தேன். பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்பது, அத்தனை நாள் பார்த்த எனக்கு நினைவில் இல்லை. நெஞ்சுவரை ரப்பர்க் காற்சட்டை, அதற்குமேல் மிதப்புச் சட்டை. நீந்தத் தெரியாத ஐம்பத்தெட்டு வயது மனுஷி, பாழாய்ப்போன மோட்டரின் முறுக்கும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறேன். கரை விலகிப் போனது. நான் வழக்கமாக உட்காரும் கல் தெரிந்தது, அதில் யாருமில்லை. அவள் இங்கேயிருந்து என்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. தண்ணீர் நடுவில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

நான்கு வெள்ளி வெறுங்கை. ஐந்தாவது வெள்ளி, செப்டெம்பர் மழை தூறியது. ரப்பர்ப் புழுவை அடியில் முட்டவிட்டு இரண்டு சாண் தூக்கி மறுபடி விட்டபோது ஒரு தட்டு. அவள் சொல்வதுபோல் உடனே தூண்டிலை உயர்த்தினேன். பெரியதில்லை, ஆனால் யோர்ஸ். கண் மினுங்கியது.

வீட்டுக்கு வந்ததும், மீனைப் பால்கனியில் வைக்க மனமில்லாமல் விளக்கின் முன் நின்றேன். "முருகா, நேர்ந்ததும் அவளுக்காக, முறிக்கிறதும் அவளுக்காக. குற்றமெண்டால் என்னிலை வை," என்றேன். மீனை வெட்டினேன். பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு, நடுத்துண்டுகளைக் குழம்பு வைத்து, சட்டியின் முன் போனைப் பிடித்து வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"ஓம், வெள்ளிதான்."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனைத் திருப்பிவிட்டாள், அவளுடைய வீட்டுக் கூரைதான் தெரிந்தது.

"தலை?" என்றாள் கடைசியில்.

"ஐஸ்பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன். உனக்கெண்டு சொன்னனீ."

டிசம்பரில் நத்தார் லீவுக்கு வருவாள் என்று நினைத்தேன். வேலை என்றாள். ஆனால் ஞாயிறுகளில் இப்போது முதலில் கேட்பது, "தலை இருக்கோ?" "இருக்கு, வந்து எடு," என்பேன். இடையில் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன், பனி மூடிக் கண் தெரியவில்லை. துடைத்து மறுபடி வைத்தேன்.

போன ஞாயிறு அவள், "வாற வெள்ளி வேலை முடிய பிளேன் எடுக்கிறன்," என்றாள்.

"வெள்ளியோ?" என்றது என் வாய், என்னைக் கேளாமலே.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வா பிள்ளை," என்றேன். "புளி கரைச்சு வைக்கிறன்."