ஏழால் வகுத்த 417417

மூக்குப்பொடி நெடி முதலில் வரும், பிறகுதான் கல்யாணத் தரகர் எங்கள் முற்றத்தில் ஏறுவார். கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கம் நாங்கள் இருந்த அந்தத் தொண்ணூறுகளில் ஜாதகத்தைவிட அவருடைய ஏழாம் கணக்கைத்தான் அப்பா நம்பினார். பெண் வீட்டு நம்பரையும் மாப்பிள்ளை வீட்டு நம்பரையும் சேர்த்து எழுதி, ஏழேழு பிறவிக்கும் நிலைக்க வேண்டும் என்பதால் ஏழால் வகுக்க வேண்டும். "சிஷ்டம்", அதாவது மீதி, வந்தால் பொருத்தமில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்ததால் வகுக்கும் வேலை எனக்கு வந்தது, எனக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

அக்காவைப் பார்க்க முதலில் எல்லைக்கு எங்கள் பக்கமே இருந்த ஆரியங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். அச்சகத்தில் வேலை, அதிகம் பேசவில்லை. அவர் போன பிறகு அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு 417, அவர் வீடு 268. நான் 417268-ஐ வகுத்தேன். மீதி ஐந்து. அப்பா அன்றே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

இரண்டாவது மாப்பிள்ளை பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரர்.

"அங்கத்த நம்பர் இங்க செல்லாது. நம்ம நம்பரையே ரெண்டு தடவ எழுதணும், அதாக்கும் முறை" என்றார் தரகர்.

அரசாங்கமே எல்லைக்கோடு போட்டுப் பிரித்த ஊரில் இது நியாயமாகத்தான் பட்டது. 417417. மீதியே இல்லை. வகுத்துச் சொன்னவள் நான்தான்.

நிச்சயம் முடிந்த பிறகுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. தரகர் முடித்துவைத்த கல்யாணங்களை எண்ணிப் பார்த்தேன்; எல்லா மாப்பிள்ளைகளும் எல்லைக்கு அந்தப் பக்கம், தரகர் வீடும் அங்கேதான். அடுத்த வீட்டு 352-ஐ இரண்டு தடவை எழுதி வகுத்தேன். மீதியில்லை. நோட்டு நிறைய வகுத்தேன், ஒன்றிலும் மீதியில்லை. மூன்று இலக்க எண்ணை இரண்டு தடவை எழுதினால் அது ஆயிரத்தொன்றால் பெருக்கியது போலத்தான், ஆயிரத்தொன்றோ ஏழால் வகுபடும். அது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும் என்றே இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

நோட்டை அக்காவிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்பம் அங்கேருந்து ஆரு வந்திருந்தாலும் இதாக்கும் வருமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பாட்ட சொல்லாத மக்கா. ஆரியங்கோட்டுக்காரருக்குக் கல்யாணம் கழிஞ்சாச்சு" என்று நோட்டை மூடிக் கொடுத்தாள்.

இப்போது அந்தத் தரகர் இல்லை, வார்டுகள் பிரிந்து பழைய வீட்டு நம்பர்களும் போய்விட்டன. நான் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறேன்; விடை சுத்தமாக வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு சந்தோஷம், எனக்கோ முதலில் யார் எழுதிக் கொடுத்த கணக்கு என்றுதான் தோன்றுகிறது. அக்காவுக்கு வீடு, இரண்டு பிள்ளைகள், குறை சொல்ல முடியாத கணவர். சந்தோஷமாக இருக்கிறாயா என்று இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் அவளைக் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.