பஸ்ரியன் அழிச்ச வெளிச்சம்

பேசாலையில பஸ்ரியனிட்டப் படம் எடுக்காமல் ஆரும் கலியாணம் கட்டினதும் இல்லை, செத்ததும் இல்லை. கலியாண அல்பமும் அவன்ர ஸ்ரூடியோதான், மரண அறிவித்தலும் அங்கதான். சும்மா சொல்லக்கூடாது, முகத்தைத் துப்பரவாக்கிறதில அவனை அடிக்க ஆள் இல்லை. பொம்பிளையின்ர பரு, மாப்பிள்ளையின்ர வெயில் கறுப்பு, பின்னால நிண்டு கொட்டாவி விடுற சித்தப்பா எல்லாம் கொம்பியூட்டரில ரெண்டு இழுவையில காணாமல் போயிடும். ஜெனோஜன்ர கலியாணத்திலதான் கை கொஞ்சம் நீண்டு போச்சு. சின்ன வயசில தூண்டில் கிழிச்ச தழும்பு ஒண்டு அந்தப் பெடியன்ர இடது புருவத்தை ரெண்டாப் பிரிச்சு நிண்டது. பஸ்ரியன் அதையும் அழிச்சுப்போட்டான். அல்பத்தைப் பார்த்த பொம்பிளை றெபேக்கா, இது ஆரண்ணை, நான் கட்டினது இந்த ஆளை இல்லையே எண்டு பகிடி பண்ணினவள்.

வானத்துப் பைத்தியம் அவனுக்குப் பிடிச்சது ரெண்டாயிரத்து இருபத்திரண்டில. அப்ப கரண்டும் இல்லை, டீசலும் இல்லை, கலியாணமும் இல்லை. ஊரே இருட்டிக் கிடந்த ஒரு நாள் சும்மா இருக்க ஏலாமல் கமராவை முக்காலியில பூட்டி, வானத்தைப் பார்க்கத் திருப்பி, இருபத்தைஞ்சு செக்கன் திறந்து விட்டான். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரமெல்லாம் திரையில வந்து நிண்டது. ஆனால் ஒவ்வொண்டும் கொட்டைப்பாக்கு அளவில வீங்கிப்போய். பேந்துதான் ஒவ்வொண்டாப் படிச்சான். வெளிச்சமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில பெருப்பிச்சு, அது ஊசிமுனையாகுமட்டும் லென்ஸைத் திருப்பவேணும். கையால அமத்தினால் படம் ஆடும், அதுக்கு ரிமோட் வேணும். உப்புக்காத்து லென்ஸில படியும், அரை மணிக்கொருக்காத் துடைக்கவேணும். கொழும்பில ஒரு வாத்தியார் வித்த பழைய தொலைநோக்கி ஒண்டும் வந்து சேர்ந்தது. கால் நடுங்கின சாமான். மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு அதை நிப்பாட்டினான்.

கடற்கரையில குழாயோட நிண்டால் நேவிக்காரர் சும்மா விடுவினமோ? வந்து விசாரிச்சினம். பஸ்ரியன் சனிக்கிரகத்தைப் பிடிச்சுக் காட்டினான். வளையத்தைக் கண்டு ஒரு பெடியன் "லஸ்ஸனாய்", வடிவா இருக்கு எண்டு சிங்களத்தில சொல்லி வாயைப் பிளந்தான். அதுக்குப் பிறகு கரைச்சல் இல்லை. பெண்சாதி அஞ்சலாதான் விடேல்லை. ஊரே கடலைப் பார்க்குது, இந்த மனுசன் மட்டும் மேல பார்க்குது எண்டு ஒவ்வொரு நாளும் புறுபுறுத்தாள்.

போன மாசி மாதம், நிலவில்லாத ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை வியாழனைப் பார்க்கப் போறன் எண்டு அஞ்சலாவிட்டப் பகிடி விட்டிட்டுப் பொழுது பட வெளிக்கிட்டான். கமராவை வடக்கே கடலுக்குத் திருப்பி வைச்சான். அங்க துருவ நட்சத்திரம் தண்ணிக்கு மேல ஒரு பொத்தின கை உயரத்தில நிக்கும், மற்றதெல்லாம் அதைச் சுத்தும். அடுத்தடுத்துப் படம் எடுத்து ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டால் வானம் முழுக்க வட்டம் வட்டமாக் கோடு விழும். கமரா தன்ர பாட்டில கிளிக், கிளிக் எண்டு எடுத்துக்கொண்டிருக்க, அவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைநோக்கியால உச்சியில நிண்ட வியாழனையும் பக்கத்தில நிண்ட நாலு சந்திரனையும் பார்த்தான். அவ்வளவு சந்தோசமா அவன் ஒரு நாளும் இருந்ததில்லை.

அடுத்த நாள் எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்தான். வட்டமெல்லாம் அச்சொட்டா விழுந்திருந்தது. கடல் விளிம்பில மட்டும் செம்மஞ்சளா ஒரு அழுக்கு. இந்தியன் றோலர்ர, அந்தப் பெரிய இழுவைப் படகுகளின்ர, வெளிச்சமாக்கும் எண்டு நினைச்சு, நாசமாப் போவார் படத்தையும் விடமாட்டினம் எண்டு திட்டிக்கொண்டு ரெண்டு இழுவையில துடைச்சு விட்டான். பேஸ்புக்கில போட்ட படத்துக்கு ஆயிரம் பேர் கை தட்டிச்சினம். பெரிசாப் பிறிண்ட் பண்ணிக் கடைச் சுவரில மாட்டினான்.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நண்டு வலை போடத் தனியப் போன ஜெனோஜன் திரும்பி வரேல்லை. கூடப் போறவனுக்குக் காய்ச்சல். மூண்டாம் நாள் படகு மட்டும் தலைமன்னார்ப் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கினது. உடம்பு கிடைக்கேல்லை. உடம்பு இல்லாட்டி வாய் சும்மா இருக்குமோ? இராமேஸ்வரத்தில பிடிச்சு வைச்சிருக்கினமாம் எண்டு ஒருத்தன் சொன்னான், அங்க அகதி முகாமில கண்டனான் எண்டு இன்னொருத்தன் சத்தியமே பண்ணினான். றெபேக்கா அதைப் பிடிச்சுக்கொண்டாள். பூசை வைப்பம் எண்டு பாதர் வந்து சொன்னதுக்கு, உசிரோட இருக்கிற மனுசனுக்கு என்ன பூசை எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பினாள். ரெண்டு வயசுப் பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு பொலிஸ், கச்சேரி எண்டு கந்தோர் கந்தோராத் திரிஞ்சாள். போற இடமெல்லாம் அவன்ர படம் கேட்பினம். படத்துக்கு பஸ்ரியனிட்டத்தான் வருவாள். ஒருக்கா, பிறிண்ட் வருமட்டும் சுவரில தொங்கின வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திட்டு, வடிவா இருக்கண்ணை எண்டாள்.

சித்திரை முடியிற நேரம் டிஸ்க் நிரம்பிப் போச்சு. பழையதை அழிப்பம் எண்டு இருந்தவன், அழிக்க முதல் அந்த வியாழக்கிழமைப் படங்களை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓடவிட்டான். அப்பதான் கண்டான். அழுக்கு எண்டு துடைச்சது அழுக்கில்லை. றோலர் வெளிச்சம் எண்டால் வெள்ளைப் புள்ளியா விழும், இடம் மாறும். இது அசையாமல் ஒரே இடத்தில நிண்டது, ஒவ்வொரு படத்திலயும் ஒரு வளைவு கீறியிருந்தது. இங்கயிருந்து அங்க, அங்கயிருந்து இங்க. ஒரு மனுசன் கையைத் தூக்கி நெருப்பை ஆட்டினால் இருபத்தைஞ்சு செக்கனில கமராவில விழுறது அதுதான். அதோட றோலர் வாறது கிழமையில மூண்டு நாள். வியாழன் அதில இல்லை. பேசாலையில பால்குடியைக் கேட்டாலும் சொல்லும். இந்த மடையனுக்கு மட்டும் அண்டைக்கு அது ஓடேல்லை.

அந்த நெருப்பு எட்டுப் பன்னிரண்டுக்குத் துவங்கி எட்டு ஐம்பத்தொண்டில நிக்குது. தொண்ணூற்று மூண்டு படம். கடைசிப் படங்களில வளைவு குறுகிக் குறுகி, ஒரு சின்னக் கோடாகி, பேந்து வெறும் கடல்.

அஞ்சலாவிட்டச் சொன்னான். அவள் குழறி அழுதிட்டு, வாயைத் திறக்காதையுங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். திறக்கத்தான் துணிவில்லையே. சொன்னால் றெபேக்காவின்ர நம்பிக்கையும் போகும், தன்ர முகமும் போகும். அவள் படத்துக்கு வாற நேரமெல்லாம் அவன் குனிஞ்ச தலை நிமிராமல் வெட்டிக் குடுத்தான். ஒரு மாதம் அப்பிடியே போச்சு.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அவள் பிள்ளையோட வந்தாள். பிள்ளைக்கு ஒரு படம் வேணுமாம். ஓட்டி ஒருத்தன் கிடைச்சிருக்கிறான், சனிக்கிழமை களவாப் படகில இந்தியாவுக்கு ஏத்திறானாம், பிள்ளையையும் கொண்டு போய்த் தகப்பனைக் கண்டுபிடிக்கப் போறாளாம். அந்தக் கடலில. அந்தப் பிள்ளையோட. பஸ்ரியன் எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்தினான்.

"போகாதை, பிள்ளை. இதை ஒருக்காப் பார்."

தொண்ணூற்று மூண்டையும் ஓடவிட்டான். முதல் அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. முப்பதாவதோ நாற்பதாவதோ ஓடேக்க பிள்ளையை இறக்கிக் கீழ விட்டாள். கடற்காரன் பெண்சாதிக்கு அந்த ஆட்டலை ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

"உடுத்திருந்த சாரத்தைக் கிழிச்சுக் கிழிச்சு, மண்ணெண்ணையில தோய்ச்சுக் கொழுத்தி ஆட்டுறார்" எண்டாள். அது எந்த நாள், எத்தினை மணி எண்டு கேட்டாள். சொன்னான். அழிச்சதையும் சொன்னான், சுவரில தொங்கிறது எது எண்டதையும் சொன்னான்.

"நீங்கள் எங்க நிண்டனீங்கள் அண்ணை?"

"கரையில."

"எங்க பாத்துக்கொண்டு?"

"மேல."

அவள் அடிச்சிருந்தால் அவனுக்கு ஆறுதலா இருந்திருக்கும். அடிக்கேல்லை, ஏசவும் இல்லை. கடைசி வளைவு இருக்கிற படத்தைத் திருப்பிப் போடச் சொல்லி, அதில விரலை வைச்சாள். பிள்ளை மேசைக்கு அடியில முக்காலிக் காலை இழுத்து விளையாடிச்சு. பேந்து முகத்தைத் துடைச்சுக்கொண்டு, பாதரிட்டப் போறன், அறிவித்தல் அடிச்சு வையுங்கோ எண்டாள். கலியாணப் படத்தையே போடச் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனவள் திரும்பினாள்.

"புருவத்தில இருக்கிறதை அழிச்சுப் போடாதேங்கோ."

பஸ்ரியன் சுவரில தொங்கினதைக் கழட்டி நிலத்தில வைச்சான். பழைய டிஸ்க் ஒண்டில துப்பரவாக்காத கலியாணப் படத்தைத் தேடி எடுத்தான். ஜெனோஜன் தழும்போட சிரிச்சுக்கொண்டு நிண்டான். பேர் அடிச்சான், பிறந்த திகதி அடிச்சான், மாசி மாதத்து வியாழக்கிழமையை அடிச்சான். மரண அறிவித்தலில நேரம் போடுற வழக்கம் பேசாலையில இல்லை. ஆரும் கேட்காமல் அதையும் அடிச்சான்: இரவு 8.51.