சங்கும் இரண்டு கைக்கடிகாரங்களும்

எனக்குப் பௌதிகம் வேண்டும் என்று முடிவு செய்தபோது அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பையன்களுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள், அது போதாதா? ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். ஆவடியில் எங்கள் பள்ளியின் பௌதிகக் கூடத்தில் இருந்தவை சில மேசைகள்தான். அதனால் பெண்கள் எல்லோரும் மனையியலுக்குப் போய்விட வேண்டும் என்பது தலைமை ஆசிரியரின் ஏற்பாடு. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். புதிதாக வந்த இளம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் 'செய்து பார்' என்று ஒரு வகுப்பு ஆரம்பித்தார். புத்தகம் கிடையாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கையில் கிடைப்பதை வைத்து விடை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஜோடி தகர டப்பாவில் ஓட்டை போட்டு வேப்பமரத்தைத் தலைகீழாகப் பார்த்தது. இன்னொரு ஜோடி ஏரித் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி உப்பு தேடியது. வருடக் கடைசியில் தலைமை ஆசிரியர் முன்னால் செய்து காட்ட வேண்டும். நன்றாகச் செய்கிற பெண்ணுக்குப் பௌதிகத்தில் இடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று ஆசிரியர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். நான் அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என்னோடு சேர்ந்தவள் பக்கத்துக் கிராமமான சேக்காட்டுக்காரி. அவள் அப்பா ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர், நாங்கள் படித்தபோது ஊர்த் தொழிற்சாலையில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார். என் அப்பா அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். எனக்கு வாய் அதிகம், அவளுக்குக் கை அதிகம். தையல் மிஷினைக் கழற்றி மாட்டுகிற பெண்ணை நான் அவளுக்கு முன்னால் பார்த்ததில்லை.

சத்தம் ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகும்? இதுதான் நாங்கள் எடுத்த கேள்வி. சத்தத்துக்கு நாங்கள் எங்கே போக? தொழிற்சாலைச் சங்கு இருக்கிறதே! ஆவடியே அந்தச் சங்கில்தான் எழுந்தது, சாப்பிட்டது, வீடு திரும்பியது. காலைச் சங்கு ஊதும்போது எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கடிகாரத்தின் முன்னால் நிற்பார். என் அப்பா கைக்கடிகாரத்தின் பக்கத்துச் சாவியை வெளியே இழுத்து, நொடி முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சங்கு ஊதியதும் சட்டென்று உள்ளே அழுத்துவார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் வீடு சங்கு இருந்த தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே, அவள் வீடு தள்ளி சேக்காட்டில். காலையில் சங்குக்குக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது, மாலைச் சங்கு எத்தனை நொடியில் கேட்கிறது என்று இருவரும் அவரவர் வீட்டில் பார்ப்பது. வித்தியாசம்தான் சத்தம் பயணம் போன நேரம், தூரத்தை அதால் வகுத்தால் விடை. எவ்வளவு சுலபம்! நான் அப்பாவின் கடிகாரத்தைக் கேட்டு வாங்கினேன். அவள், அண்ணனுக்கு மாமியார் வீட்டில் போட்ட கடிகாரத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தாள்.

முதல் நாள் வித்தியாசம் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. எத்தனை நாள் பார்த்தாலும் இரண்டு கடிகாரங்களும் ஒரே நொடியைத்தான் காட்டின. நான் கொஞ்சமும் கலங்கவில்லை. செய்து காட்டும் வெள்ளிக்கிழமை, சத்தம் போவதற்கு நேரமே ஆவதில்லை என்று தலைமை ஆசிரியர் முன்னால், எல்லா மாணவர்களும் கேட்க, கணீரென்று அறிவித்தேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "மச்சான், இவளுங்க சங்கு ஊதறதுக்கு முன்னாடியே கேட்டுகினு குந்துவாளுங்க போலகீதுடா!" என்றான். தலைமை ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏம்மா, அப்ப மின்னல் அடிச்சு இவ்ளோ நேரம் கழிச்சு இடி கேக்குதே, அது ஏன்? பேசாம ரெண்டு பேரும் மனையியல்ல சேருங்க. பால் எப்பப் பொங்கும்னு வாட்ச் பாத்தாப் போதும்."

ஆசிரியர் எங்களுக்காகப் பேசினார். ஆனால் தப்பு எங்கே என்று கேட்டபோது, "எனக்கும் பிடிபடலை" என்று நேர்மையாகக் கையை விரித்தார். திங்கட்கிழமை இன்னொரு முறை செய்து காட்ட மட்டும் அனுமதி வாங்கித் தந்தார். எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம். சோற்றுத் தட்டைத் தள்ளினேன். அம்மா திட்டினாள்.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போலச் சாவியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"பொறு ஏட்டி, சங்கு ஊதட்டும்."

சங்கு ஊதியது. அப்பா அழுத்தினார். எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அதே நேரத்தில் சேக்காட்டில் என் தோழி இன்னும் சாவியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பாள். சத்தம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அழுத்துவாள். காலையில் எவ்வளவு தாமதமாக அவள் கடிகாரம் கிளம்புகிறதோ, அதே தாமதத்தோடுதான் மாலைச் சங்கும் அவளிடம் வருகிறது. பிறகு வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? தேடிய பொருளை நாங்களே கடிகாரத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்.

தலையைக்கூட வாராமல் சேக்காட்டுக்கு ஓடினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்போ எங்க ஊட்டு மணியே தப்புன்றியா?"

"உங்க ஊட்டு மணி மட்டும் இல்லைடி. கேட்டை விட்டுத் தள்ளி இருக்கிற எல்லார் வீட்டு மணியும்."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு அழுவுற மூஞ்சி? ரெண்டு வாட்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ஒண்ணா சாவியை அமுக்கிட்டு, அப்பால ஆளுக்கு ஒரு பக்கம் போனா முடிஞ்சுது." நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் வேலையை முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் அவருடைய கடிகாரத்தையே கேட்டேன். நல்ல வேளை, அதுவும் சாவியை இழுத்தால் நிற்கிற வகை. அதையும் தோழியின் அண்ணன் கடிகாரத்தையும் அவர் மேசை மேல் வைத்து, அவரையே மூன்று எண்ணச் சொல்லி, இரண்டையும் ஒன்றாகக் கிளப்பினோம். தோழி ஒன்றை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை கேட்டுக்கு நடந்தாள். எங்களைக் கிண்டல் செய்தவனையே சாட்சியாக சைக்கிளில் பின்னால் அனுப்பச் சொன்னேன். பள்ளிக்கூடமும் சேக்காட்டைப் போலவே கேட்டிலிருந்து தள்ளித்தான் இருந்தது. தலைமை ஆசிரியர் தன் கடிகாரத்தோடு வராந்தாவில் நின்றார். சங்கு கேட்டதும் சாவியை இழுத்து முள்ளை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மத்தியானச் சங்கு கேட்டது. இழுத்தார்.

அவர்கள் திரும்பி வரும்வரை நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தோழி வந்து, நின்றுபோன கடிகாரத்தை மேசை மேல் வைத்தாள். சாட்சிக்குப் போனவன், "சங்கு ஊதினவுடனே நிறுத்திட்டா சார், நான் பார்த்தேன்" என்றான். அவன் குரலில் பழைய கிண்டல் இல்லை. தலைமை ஆசிரியர் தன்னுடையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இரண்டு நொடி முட்களுக்கும் நடுவே நான்கு நொடி இடைவெளி இருந்தது. கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

"தினம் நம்ம ஸ்கூல் நாலு செகண்டு லேட்டாத்தான் நடக்குதா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, உனக்குப் பௌதிகத்தில ஒரு இடம் தரேன்" என்றார்.

எனக்கு என்றால் எனக்கு மட்டும். தோழி முந்திக்கொண்டு, "அவ சேரட்டும் சார். எனக்கு இன்னா, தையல் நல்லா வருது" என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கை மட்டும் தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"ஒரே ஒரு வாட்சை வெச்சுக்கிட்டு இதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது சார்" என்றேன். "ரெண்டு இருந்ததால்தான் தெரிஞ்சுது."

ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். தலைமை ஆசிரியர் மேசை மேல் நின்றுபோய்க் கிடந்த இரண்டு கடிகாரங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"சரி, ரெண்டு பேரும் சேருங்க" என்றார்.

மாலையில் வீடு திரும்பும்போது பாதி வழியில் அவள் நின்றாள்.

"நெஜமா எனக்குமாடி?"

"உனக்கும்தான்."

"எங்க அண்ணன் கேட்டா இன்னா சொல்றது?"

"முதல்ல வாட்சைத் திருப்பிக் குடு, அப்புறம் சொல்லு."

அப்போது மாலைச் சங்கு ஊதியது. பழக்கத்தில் அவள் கை கடிகாரத்துச் சாவிக்குப் போனது. பிடித்தவள், "இதுவும் லேட்டுதானே" என்று அப்படியே விட்டுவிட்டாள்.