பேச்சியம்மாள் என்னிடம் சொன்னார்

பேச்சியம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லவே இல்லை என்று அவருடைய கணவரிடம் நான் பொய் சொன்னேன். அந்த அம்மாளின் உடலை ஊருக்கு எடுத்துப்போக வண்டி வந்து நிற்பதற்கு முன்பே அந்தப் பொய்யைச் சொல்லி முடித்துவிட்டேன்.

இதுதான் என் குற்றம். இனி எழுதப்போவது அதற்கான விளக்கம்... விளக்கம் என்றதும் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சமாதானம் எதுவும் என் கைவசம் இல்லை. இருந்தால் இத்தனை நாளில் அதைச் சொல்லிச் சொல்லியே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் மருத்துவன். பகலில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை, மாலையில் தல்லாகுளத்தில் சொந்த கிளினிக். எங்கள் மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் மருந்துகளை யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம் என்று மேற்பார்வை பார்க்கும் குழு ஒன்று உண்டு. அதற்குத் தலைவர் நான்தான். சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதவியில் எனக்கு இருந்த கர்வத்தை எப்படிச் சொல்வது! இரண்டு வாரம் மருந்து கொடுத்துவந்த பல தொற்றுகளுக்கு இப்போது ஒரு வாரமே போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எந்த மண்ணுக்கும் உதவாது. கண்டபடி கொடுத்தால் கிருமிகள் பழகிப்போய், நாளை உண்மையான ஆபத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது. இவையெல்லாம் உண்மை. இன்றும் உண்மை. இந்த உண்மைகளை ஊர் ஊராகப் போய் மைக் பிடித்துப் பேசினேன். கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசியதைக் கேட்டுத்தான் கருப்பசாமி தன் மனைவி பேச்சியம்மாளை என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்து மக்காச்சோளம் போடுகிறவர். பக்கத்தில் இருந்த மருத்துவர்களை விட்டுவிட்டு, காய்ச்சலில் துவண்டு கிடந்த மனைவியை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து இவ்வளவு தூரம் வந்தார். ஏன்? என் பேச்சின் மேல் இருந்த நம்பிக்கை.

"நாலஞ்சு நாளாக் காச்ச விடல சார். மண்டையப் பொளக்குதுங்குறா. ஒரு ஊசியப் போட்டு, நல்ல பவர் மாத்திரையா எழுதிக் குடுங்க" என்றார்.

பவர் மாத்திரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டீங்கன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" என்றேன். பிறகு பிரசங்கம்தான். எது வைரஸ், எது பாக்டீரியா, ஊசி கேட்பது எவ்வளவு பெரிய தப்பு... அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். பேச்சியம்மாள் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்டெதாஸ்கோப்பைச் சேலைக்கு மேலேயே இரண்டு இடத்தில் வைத்து எடுத்தேன். அதற்குப் பெயர் பரிசோதனை!

வெளியே யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். "வண்டிய ஓரமா விட்டுட்டு வாரேன் சார்" என்று கருப்பசாமி எழுந்து போனார்.

அவர் போவதற்காகவே காத்திருந்ததுபோல அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார்... பாவாடை நாடா கட்டுற எடத்துல ஒரு புண்ணு கெடக்கு. இம்புட்டுக்காணுதான். கருப்பாப் பொருக்குத் தட்டிப்போயிருக்கு, ஆனா வலியே இல்ல."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"நாடாவ இறுக்கிக் கட்டுனா புண்ணு வரத்தான் செய்யும். தளத்திக் கட்டு."

"நர்சம்மாட்டயாச்சும் காட்டவா சார்?"

"அதெல்லாம் வேணாம். இது வைரஸ் காய்ச்சல். தானாப் போயிரும்."

கவனித்தீர்களா? நேரில் பேசும்போது 'தளத்திக் கட்டு' என்று ஒருமையில்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுத்தில் மட்டும் 'அவர்', 'அந்த அம்மாள்' என்கிறேன். செத்த பிறகு கொடுக்கிற மரியாதை. எங்களைப் போன்றவர்களுக்கு இது நன்றாக வரும்.

ஏன் பார்க்கவில்லை? எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டுவிட்டேன். பெண் நோயாளியின் இடுப்பைப் பார்க்க வேண்டுமானால் நர்ஸை உள்ளே கூப்பிட வேண்டும், திரையை இழுக்க வேண்டும், அவர் சேலையைத் தளர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே கூட்டம். அதைவிட முக்கியமாக, நான் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வைரஸ் என்று அவ்வளவு நேரம் பேசிய வாயால், இருங்கள் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோம்பலும் திமிரும். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மருத்துவம் படித்த எந்த மாணவனும் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு விழும், வலிக்காது. உடை இறுகப் படியும் இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நாங்கள் அதை எஸ்கர் என்போம். அதைப் பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான ஆன்டிபயாடிக் மாத்திரையை அன்றே தொடங்கிவிடலாம். ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

அவர்கள் கேட்ட ஊசி அந்த அம்மாளைக் காப்பாற்றியிருக்காது. வழக்கமாகப் போடும் ஊசிகளுக்கு இந்தக் கிருமி அசையாது. அதைச் சொல்லிச் சில காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஊசியை மறுத்தது சரிதானே, ஆய்வுகள் அப்படித்தானே சொல்கின்றன? ஆமாம். ஆனால் அதே ஆய்வுகள், நோயாளியைத் தொட்டுப் பார், சோதித்துப் பார், வேண்டியவருக்குத் தாமதிக்காமல் கொடு என்றும் சொல்கின்றன. மேடையில் அதையும் நான் பேசியிருக்கிறேன். நன்றாகவே பேசுவேன்.

அடுத்த வாரம் பேச்சியம்மாளை எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். மூச்சு இரைத்தது. சிறுநீர் நின்றுபோயிருந்தது. அங்கே பணியில் இருந்தவர் நிவேதிதா, என்னிடம் பயிற்சி பெற்ற இளம் மருத்துவர். முதல் வேலையாகத் திரையை இழுத்து, தலையிலிருந்து கால்வரை பார்த்திருக்கிறார்.

"சார், இடுப்புல எஸ்கர் இருக்கு. வெளிய யாரோ வைரல்னு சொல்லி அனுப்பிட்டாங்க போல" என்று போனில் சொன்னார்.

யாரோ... அந்த யாரோ நான்தான் என்று சொல்ல அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. "ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சிருங்க, வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

முற்றிய நிலையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது மேல் என்று நம் நாட்டில் நடந்த ஆய்விலேயே தெரிந்திருக்கிறது. அப்படியே கொடுத்தோம். நுரையீரல் கேட்கவில்லை. செயற்கைச் சுவாசக் கருவியிலேயே அந்த அம்மாள் போய்விட்டார்.

கருப்பசாமி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. "மொதல்லயே கண்டுபிடிச்சிருக்க முடியாதா சார்?" என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நிவேதிதா நின்றார்.

"புண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன்ப்பா. அவங்க சொல்லலையே."

எவ்வளவு சரளமாக வந்தது! யோசிக்கக்கூட இல்லை.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கூச்சக்காரி சார் அவ. வாயத் தொறந்து சொல்லாமயே போயிட்டாளே, பாவி மக" என்றார். சொன்னவளைச் சொல்லாதவளாக்கி, கட்டியவரே திட்டும்படி செய்து அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகு நான் என்ன ஆனேன் தெரியுமா? பயந்தாங்கொள்ளி ஆனேன். அழகர்கோவில் பக்கமிருந்தோ கல்லுப்பட்டிப் பக்கமிருந்தோ யார் காய்ச்சல் என்று வந்தாலும் டாக்ஸிசைக்ளின் எழுதிவிடுகிறேன். புண் இருக்கிறதா என்று பார்த்து, இரத்தம் சோதித்து எழுத வேண்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். மறுநாள் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து, காரணமில்லாமல் ஏன் எழுதினாய் என்று இளம் மருத்துவர்களைக் கடிந்துகொள்கிறேன். என்னிடம் கேட்க அங்கே யாரும் இல்லை.

சென்ற மாதம் கருப்பசாமி மறுபடியும் வந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் இலக்கியாவுக்குக் காய்ச்சல். அவரைப் பார்த்ததும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவரோ கும்பிட்டார். மனைவியைக் காப்பாற்றப் போராடிய டாக்டர் என்று மகளிடம் சொல்லியே அழைத்து வந்திருக்கிறார்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். நர்ஸைக் கூப்பிட்டேன், திரையை இழுக்கச் சொன்னேன். "உடம்புல எங்கயாவது புண்ணு, பொருக்கு இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கருப்பசாமி குறுக்கிட்டார்.

"சொல்லு தாயி. ஒங்கம்மா மாதிரி மறைக்காத. மறைச்சுத்தான போய்ச் சேந்தா."

"அம்மா ஒண்ணும் மறைக்கலப்பா" என்றாள் இலக்கியா. "டாக்டர்ட்டச் சொன்னேன், அவரு பாக்கலன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு."

அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "அன்னைலருந்து இதையேதான் சார் சொல்லிக்கிட்டுத் திரியிறா. நீங்களே இவகிட்டச் சொல்லுங்க. அவ ஒங்ககிட்டச் சொன்னாளா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மகளின் வாயை அடைப்பதற்காகக் கேட்டார். 'ஆமாம், சொன்னார்' என்று நான் சொல்லியிருந்தால் போதும். அந்த வீட்டில் செத்துப்போனவளின் பெயர் சுத்தமாகியிருக்கும். அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். எனக்கு என்ன போயிருக்கும்? கிளினிக் போயிருக்கலாம். குழுத் தலைவர் பதவி போயிருக்கும். மைக் போயிருக்கும்...

"இல்லம்மா. அவங்க சொல்லல" என்றேன். கனிவாகவே சொன்னேன்.

இலக்கியா அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவிடம், "வேற டாக்டர்ட்டப் போவோம்ப்பா. இவர்ட்ட நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

கருப்பசாமி கூனிக்குறுகி நின்றார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஆத்தாளப் பறிகொடுத்த புள்ள சார். என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசுது. மனசுல வச்சுக்கிடாம மன்னிச்சுருங்க."

"பரவாயில்லப்பா, சின்னப்புள்ளதான" என்றேன்.

பெரிய மனது பண்ணி, அந்தப் பெண்ணை நான் மன்னித்தேன்.