பல்லிக்கு விழுந்த தெரு

என் தம்பி லிப்ட் மெக்கானிக். தெருவில் பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியாது. லிப்ட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியும் கிரீஸுமாக ஒற்றை ஆளாய் வேலை. வந்ததும் குளித்துவிட்டு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவான். கீழ்வீட்டில் இருக்கும் நான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்து, நாலு திட்டு திட்டிவிட்டு வருவேன். நான் திட்டாவிட்டால் அந்த அறையில் மனிதக் குரலே கிடையாது.

அவன் மனைவி இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். தெருமுனைத் தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று அவள் சொன்னால், "வீட்டுத் தூசும்மா" என்று சிரித்தார் டாக்டர். தொழிற்சாலைக்காரர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் எதிர்க் கம்பத்தில் அரசாங்கம் மாட்டிய பெட்டி ஒன்று, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று மணிக்கு மணி அளந்து இணையதளத்தில் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை என்பதற்கு அந்த அளவுகள்தான் சாட்சி.

திடீரென்று ஓர் அறிவிப்பு. பழைய அளவுகளை மாதக் கடைசியில் நீக்கப் போகிறார்களாம். ஏன் என்று கேட்க நாதியில்லை. அப்போதுதான் தம்பி இணையத்தில் ஒரு கூட்டத்தில் சேர்ந்தான். ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆட்கள், சம்பளமில்லாமல், எல்லா ஊர் அளவுகளையும் இறக்கி, காப்பி எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டுக் குலுக்கித்தான் ஊர்களைப் பிரிப்பார்கள். தன் ஊரைத் தானே எடுக்கக் கூடாது. விட்டால் எல்லோரும் சொந்த ஊரிலேயே போய் விழுந்து, ஆளில்லாத ஊர்கள் அம்போ என்று போய்விடுமாம். எங்கள் தெரு, பல்லி என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட யாருக்கோ விழுந்தது.

"உன் தெருவை நீயே எடுத்துக்க வேண்டியதுதானேடா! யாரு பாக்கப் போறா?"

"எல்லாரும் அப்படி நெனச்சா என்னக்கா ஆகும்? பல்லி எடுத்துடுவாரு."

"பல்லி உனக்கு மாமனா, மச்சானா?"

சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லிப்டைச் சரிபண்ணினால் தானே அதில் ஏறி இறங்கிப் பார்க்காமல் வரமாட்டான் அவன். இங்கேயும் அதே கதைதான். இறக்கிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து, கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போனான். பல்லி அப்படியில்லை, கோப்பின் பெயரும் மொத்த எண்ணிக்கையும் சரியா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

தளத்தில் பழைய அளவுகளை நீக்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோர் பங்கும் ஒன்றாகச் சேர்ந்தது. நான் தட்டோடு நின்றிருந்தேன். தம்பி எங்கள் தெருவைத் திறந்தான். 'மன்னிக்கவும், சிறிது நேரம் கழித்து முயலவும்' என்று ஒரே வரி. அடுத்ததிலும் அதே வரி. அவள் இருமிய வருஷங்கள் முழுக்க அதே வரி. பல்லி அவசரப்பட்டு வேகமாக இறக்கியதில் தளம் அவரைத் தடுத்து, கேட்டதற்கெல்லாம் இந்த மன்னிப்பையே தூக்கிக் கொடுத்திருக்கிறது. அத்தனையையும் ஒன்று விடாமல் சேமித்து வைத்திருக்கிறார், புண்ணியவான்!

"அந்தாளு நம்பரைக் குடுடா. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"நம்பர் தெரியாதுக்கா. பேருகூடத் தெரியாது. அழுதுட்டு இருக்கேன்னு எழுதியிருக்காரு. பரவால்லன்னு போட்டுட்டேன்."

பரவாயில்லையாம்! அவன் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தேன்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. எங்கோ இருக்கும் ஒரு பெண். தன் மகனுக்கு மூச்சுத் திணறல், தங்கள் தெருவின் அளவுகள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். அது தம்பிக்கு விழுந்த ஊர். தேடித் திறந்தான். எண்கள் வரிசையாக, ஒழுங்காக இருந்தன. ஒரு பக்கம் விடாமல் பார்த்துவிட்டு, 'இருக்கு' என்று எழுதி அனுப்பினான்.

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினான். மனைவியைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடக் கண் கலங்காதவன் அவன்.

"அக்கா, அவ இருமுனது உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குடா. எல்லாம் இருக்கு."

"உடம்பைப் பாத்துக்கக்கா," என்றான். "அதுக்கு இனிமே வேற காப்பி கெடையாது."